நீல டிரம் தண்ணீர்

எனக்குக் கை சும்மா இருக்காது. சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போதுகூட முன்வரிசைப் பெண்ணின் ஜடையை அவிழ்த்துத் திருப்பிப் பின்னிக்கொண்டிருப்பேன் என்று என் வீட்டுக்காரர் சாமுவேல் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். அந்தக் கையை நம்பித்தான் ஐயம்பேட்டையில் வெங்கடேசன் முதலாளி தன் சாயப்பட்டறையில் ஒன்பது வருடமாகக் கடைசி அலசலை என்னிடம் விட்டிருந்தார். அந்தக் கையால்தான் எல்லாம் கெட்டதும்.

கடைசி அலசல் என்றால், சாயம் ஏறிய பட்டு நூலைக் கொஞ்சம் ஆசிட் கலந்த தண்ணீரில் முக்கிப் பிழிந்து காயப்போடுவது. கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. ஆனால் அந்தப் புளிப்புத் தண்ணீர் படாத பட்டு ஊமைப் பட்டு. அது பட்ட நூல் காய்ந்த பிறகு ஒரு சிட்டத்தை, அதாவது வளையமாகச் சுற்றிய நூல்கற்றையை, காதோரம் வைத்து அழுத்தினால் புது நோட்டைக் கசக்கினாற்போல் முறுமுறுவென்று சத்தம் வரும். பட்டு பேசுது என்போம். பேசாத நூலை எந்த நெசவுக்காரரும் வாங்கமாட்டார்.

அந்தச் சனிக்கிழமை காலை ராமராஜன் பட்டறைக்குள் விறுவிறுவென்று நுழைந்தார். வீட்டிலேயே நான்கு தறி வைத்திருக்கிற நெசவுக்காரர் அவர். எங்கள் பட்டறைக்கு இருபது வருட வாடிக்கை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மஞ்சள் பையிலிருந்து அரக்கு நிறச் சிட்டம் ஒன்றை எடுத்து முதலாளியின் மேசைமேல் போட்டார்.

"இழுத்துப் பாரு வெங்கடேசு."

முதலாளி ஓர் இழையை உருவி இரண்டு கையாலும் இழுத்தார். இழுத்தது என்றுகூடச் சொல்ல முடியாது, பிடித்தார், அவ்வளவுதான். அறுந்துவிட்டது.

"இது பட்டா, இடியாப்பமா?" என்றார் ராமராஜன். "மூணு பாவு போச்சு. தறியில ஏத்தி நாலு விரக்கட நெய்யறதுக்குள்ள பொட்டு பொட்டுனு அறுந்துக்கினே வருது. அறுந்த இழைய பிணைக்கறதுக்கே என் வூட்ல மூணு பேரு குந்திக்கினு இருக்கறாங்க. கல்யாணப் பொடவைக்கு நான் யாருக்கு இன்னா பதில் சொல்றது?"

முதலாளி அறுந்த இழையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நூலு அதே நூலு. சாயம் அதே சாயம். ஆளும் அதே ஆளு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினார். "புதுசா வந்தது அது ஒண்ணுதான்."

அவர் காட்டியது பாய்லருக்குப் பக்கத்தில் நிற்கிற இரும்புப் பெட்டி. பீரோ உயரம் இருக்கும். அது அங்கே வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பாய்லர் எதைப் போட்டாலும் தின்னும். சவுக்குக் கட்டை விலை ஏறிய பிறகு பழைய டயர்த் துண்டுதான் அதற்குச் சாப்பாடு. பட்டறை மதிலைத் தாண்டினால் எங்கள் தெரு. புகை மேலே போகிற மாதிரி போய், திரும்பி எங்கள் தெருவில்தான் இறங்கும். கொடியில் போட்ட துணியில் கரி, தொண்டையில் கந்தகக் காரல். சாமுவேல் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். விடியலில் வண்டி எடுத்து, மதியம் வந்து தூங்குவார். இரண்டு வருடமாக அந்தத் தூக்கம் உட்கார்ந்தபடிதான். படுத்தால் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊத ஆரம்பித்துவிடுவார்கள். சுவரில் தலையணையைச் சாய்த்து, அதில் முதுகைச் சாய்த்து, பஸ்ஸில் தூங்குகிறவர் மாதிரி தலை தொங்கத் தூங்குவார். முப்பத்தொன்பது வயது ஆளுக்கு இது என்ன தூக்கம்? பட்டு பேசினால் எனக்குச் சந்தோஷம். அவர் நெஞ்சு பேசினால் எனக்குப் பயம்.

தெருவே சேர்ந்து மனு கொடுத்தோம். புகையைச் சரிசெய், இல்லாவிட்டால் மூடு என்று பட்டறைக்கு நோட்டீஸ் வந்தது. அந்தச் சமயத்தில்தான் அம்பரீன் வந்தாள். நம் ஊர்ப் பெண், இன்ஜினீயரிங் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். மூன்று மாதம் சோதனைக்கு ஒரு பெட்டி வைத்துப் பார்க்கிறோம், செலவு எங்களுடையது என்றாள். இலவசம் என்றதும் முதலாளி தலையாட்டிவிட்டார்.

பெட்டிக்குள் மடிப்பு மடிப்பாகக் கறுப்புத் துணி. கம்பளி மாதிரி மெத்தென்று இருக்கும், தொட்டால் விரலில் கரி ஒட்டும். அதில் ஒரு துண்டை அம்பரீன் என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது கருக்கிக் கருக்கிக் கரியாவே ஆக்கின துணிக்கா. ஒவ்வொரு இழையிலயும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கோடிக்கணக்குல இருக்குது. அந்த ஓட்டையோட சுவரையெல்லாம் பிரிச்சு விரிச்சா, உங்க கையில இருக்கற துண்டே அரை ஏக்கர் வரும்."

எங்கள் வம்சத்தில் யாருக்கும் அரை ஏக்கர் இருந்ததில்லை. அன்றைக்கு என் உள்ளங்கையில் இருந்தது. சாமுவேலிடம் சொன்னபோது, "பட்டா வாங்கிக்கினியா?" என்றார்.

புகை முதலில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் போய்க் கரியை விட்டு ஆறி வரும். ஃபேன் அதை இழுத்துக் கறுப்புத் துணி வழியாக அனுப்பும். டயரின் கந்தகம் துணியில் மாட்டிக்கொண்டு, ஈரத்தோடு சேர்ந்து ஆசிட்டாகிவிடும். மேலேயிருந்து தெளிக்கிற தண்ணீர் அதைக் கழுவிக் கீழே ஒரு நீல டிரம்மில் சேர்க்கும். தினமும் சாயங்காலம் டிரம்மில் சுண்ணாம்புக்கல் தூள் போட்டு, பொங்கி அடங்கியதும் கொட்டிவிட வேண்டும். அந்த வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். "டிரம் தண்ணிய வேற எதுக்கும் தொடாதீங்கக்கா" என்று அம்பரீன் மூன்று முறை சொன்னாள். நானும் மூன்று முறை தலையாட்டினேன்.

பெட்டி ஓட ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் மதியம் சாமுவேல் படுத்துத் தூங்கினார். மல்லாந்து, கால் நீட்டி. நான் பாத்திரம் துலக்குவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு மட்டும் என் கை சும்மா இருந்தது.

அதற்கு மறுநாள்தான் ஆசிட் கேன் தீர்ந்துபோனது. முதலாளி சென்னைக்குப் போயிருந்தார். பதினான்கு சிட்டம் அரக்கு ஈரத்தோடு கிடக்கிறது. அலசாமல் விட்டால் திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடும். இன்னொருத்தியாக இருந்தால் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டுக் காத்திருப்பாள். நான் அந்த நீல டிரம்மில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். பட்டறையில் அலசல் தண்ணீருக்குப் பதம் பார்ப்பது அப்படித்தான். எங்களுக்கு நாக்குதான் மீட்டர். புளித்தது. புளித்தால் ஆசிட். ஆசிட் என்றால் ஆசிட்தானே, அதில் என்ன சாதி வித்தியாசம் என்று நினைத்தேன். இரண்டு மக்கு மொண்டு அலசல் தொட்டியில் ஊற்றினேன்.

காய்ந்த பிறகு அந்த நூல் பேசவில்லை, கத்தியது. முதலாளி வந்து காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "எஸ்தரு, உன் கையில இன்னாமோ இருக்குதுமா" என்றார். ஒன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுக் கேன் வந்தும் அதைத் திறக்க மனம் வரவில்லை. டிரம் தண்ணீரிலேயே அலசினேன். அன்றிலிருந்து புதுச் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்கவே இல்லை. பிரித்தால் புளிப்பு போய்விடுமே.

இப்போது அந்த நூல்தான் மேசைமேல் அறுந்து கிடந்தது.

"பெட்டியிலேர்ந்து வர்ற காத்து காயப்போட்ட நூலுமேல படுது. அதான் இப்டி" என்றார் முதலாளி. "திங்கக்கெழம கொத்தனார வரச்சொல்லி அத்த புடுங்கிப் போட்றேன். சரக்கு கெட்டுப்போவுதுன்னா எந்த ஆபீசரு கேப்பான்?"

அம்பரீனுக்குப் போன் போனது. அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். மீட்டர் குழாயைப் புகைபோக்கியில் விட்டு, கந்தகம் குறைவாக இருப்பதை அதன் எண்ணில் காட்டினாள். முதலாளி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மீட்டரு கெடக்கட்டும்மா. நூலு இன்னா சொல்லுது, பாத்தியா?"

அவள் அறுந்த இழையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எஸ்தர்க்கா, டிரம் தண்ணி நூல்ல எங்கயாச்சும் பட்டுதா? தெனமும் சுண்ணாம்பு போடறீங்கல்ல?"

"போடறேன்மா."

யோசிக்கவே இல்லை. பொய் தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவள் உடனே நம்பினாள். நம்பிவிட்டுத் தனக்குள் பேசுகிறவள் மாதிரி சொன்னாள்: "டிரம் தண்ணி பட்டிருந்தா கணக்கு சரியா வரும். உங்க கேன்ல இருக்கற ஆசிட், நூலு காயும்போது ஆவியாப் போயிடும். இது கந்தக ஆசிட், இது போகாது. காயக் காய இழையிலயே தங்கி உள்ளேர்ந்து தின்னும். ஆனா வெளிய வர்ற காத்துல அவ்ளோ வர வாய்ப்பே இல்லியே."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் காதுக்கருகில் கத்தியதெல்லாம் சாகப்போகிற நூல். நாக்கு இரண்டையும் ஒரே புளிப்பு என்றுதான் சொன்னது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதில் நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எல்லோரும் வெளியே பேசிக்கொண்டிருந்தபோது சுண்ணாம்பு மூட்டையைப் பிரித்து, பாதியை அள்ளிப் பின்பக்கச் சாக்கடையில் கொட்டினேன். தினமும் போட்ட மாதிரி தெரிய வேண்டுமே! சாக்கடை வெள்ளைவெளேரென்று ஓடியது. கையைக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன், வெள்ளை போகவில்லை.

மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். சாமுவேல் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"பெட்டிய எடுக்கப்போறாங்களாம்" என்றேன். "நூலு அறுந்துபோவுதாம்."

அவர் பரண்மேலிருந்து அந்தப் பழைய தலையணையை இறக்கினார். தூசி தட்டினார். சுவரோரம், இரண்டு வருடம் தலை தேய்த்து எண்ணெய்க்கறை படிந்த அதே இடத்தில், சாய்த்துவைத்தார்.

"இன்னிக்கே எதுக்குய்யா? திங்கக்கெழமதான எடுக்கறாங்க."

"பழகிக்கினா நல்லதுதான. ரெண்டு வருசம் குந்திக்கினு தூங்கலயா? அது பாட்டுக்குப் போவும் எஸ்தரு."

என்னைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். முதலாளியைத் திட்டியிருந்தால் கூடச் சேர்ந்துகொண்டிருப்பேன். இந்த மனிதர் தலையணையைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். இந்த வட்டாரத்தில் நூலைக் கெடுத்தவள் என்ற பேர் வந்துவிட்டால் வேறு பட்டறையும் சேர்க்காது. சொல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் விசில் சத்தம். தட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து கூழாக்கிவிட்டு எழுந்தேன்.

பட்டறைக்குத் திரும்பியதும் ஒரே நூல்கட்டிலிருந்து இரண்டு சிட்டம் எடுத்தேன். ஒன்றைப் புதுக் கேன் ஆசிட்டில் அலசினேன். இன்னொன்றை நீல டிரம் தண்ணீரில் அலசி, அதற்கு மட்டும் அடையாளமாக ஒரு மஞ்சள் நூல் கட்டினேன். பெட்டியின் காற்று நேராகப் படுகிற மூங்கிலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். வேலை முடிகிற நேரத்தில் எடுத்து, பாய்லர்க் குழாய்மேல் வைத்தேன். வறட்டுச் சூட்டில் இரண்டு நாள் கிடந்தால் இரண்டு வாரத்தில் ஆகிறது ஆகிவிடும் என்று என் கணக்கு. அதை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது. கை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் என்ன பேசினார் என்று ஏதாவது ஞாபகம் இருந்தால் கேளுங்கள். என் முன்னால் நீளமான ஜடை ஒன்று இருந்தது. நான் தொடவில்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு முருகேசன் கொத்தனார் ஏணி போட்டு ஏறிவிட்டார். ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். ஒன்றரை மாதமாகக் காதில் கிடந்த அந்த உறுமல் நின்றதும் பட்டறையே காலியானாற்போல் இருந்தது. அம்பரீன் கையைக் கட்டிக்கொண்டு மதிலோரம் நின்றாள், கண் சிவந்திருந்தது. ராமராஜன் நஷ்டத்துக்குப் பேச வந்திருந்தார்.

முருகேசன் முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார்.

"மொதலாளி, பெட்டிமேல தப்பில்ல" என்றேன். "நான்தான் டிரம் தண்ணியில நூல அலசனேன். அதுலேர்ந்து சுண்ணாம்பு ஒரு நாள்கூடப் போடல."

முதலாளி என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. பரிதாபமாகப் பார்த்தார், அது இன்னும் மோசம்.

"உன் வூட்டுக்காரனுக்கு இளைப்புனு எனக்குத் தெரியும்மா. அதுக்காக இல்லாத பழிய இழுத்து மேல போட்டுக்குவியா? உன் கையப்பத்தி எனக்குத் தெரியாதா? போ, போய் வேலையப் பாரு. முருகேசா, நீ கழட்டு."

பொய் சொன்னபோது உடனே நம்பினார்கள். உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை! எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓடிப்போய்க் குழாய்மேலிருந்த இரண்டு சிட்டத்தையும் எடுத்துவந்து ராமராஜன் கையில் கொடுத்தேன்.

"ரெண்டுமே ஒரே நூலு. ரெண்டும் பெட்டிக் காத்துல ஒரே மூங்கில்ல காஞ்சுது. மஞ்ச நூலு கட்டனது டிரம் தண்ணி, கட்டாதது கேன் ஆசிட்டு. நீங்களே பாருங்கண்ணா."

ராமராஜன் கட்டாததைக் காதில் வைத்து அழுத்தினார். முறுமுறு என்றது. மஞ்சள் நூல் கட்டியதை அழுத்தினார். அந்தச் சத்தம் ஏணிமேல் இருந்த முருகேசனுக்கே கேட்டிருக்கும்.

"பாத்தியா, இதான நல்லா பேசுது" என்றார் முதலாளி.

ராமராஜன் அந்த முழுச் சிட்டத்தையும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். ஓர் இழை இல்லை, மொத்தமும் காய்ந்த வைக்கோலாக இரண்டாகப் பிரிந்து வந்தது. மற்றதை இழுத்தார். அது அவர் விரலில் கோடு போட்டதே தவிர அறுபடவில்லை.

முதலாளி பிய்ந்த நூலை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு மேலே பார்த்து, "எறங்கு முருகேசா" என்றார். என்னைப் பார்க்காமலேயே, "நாளையிலேர்ந்து நீ வராதமா" என்றார்.

அம்பரீன் என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன், அவ்வளவு முட்டாள் நான்.

"நான் கேட்டேனேக்கா" என்றாள். "கேட்டப்போ போடறேன்னு சொன்னீங்களே."

திரும்பிப் போய் ஃபேனைப் போட்டாள். பாதி மூட்டைச் சுண்ணாம்பைப் பார்த்தாள், வெளுத்துக் காய்ந்து கிடந்த சாக்கடையைப் பார்த்தாள், தானே ஒரு முறம் அள்ளி நீல டிரம்மில் போட்டாள். அது பால் பொங்குவதுபோல் பொங்கியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வாசலில் ராமராஜன் நிறுத்தினார். "எங்க போற? மூணு பாவு அறுந்து கெடக்குது என் வூட்ல. உன் கை அறுத்தது, உன் கையே பிணைக்கட்டும். காலீல ஏழு மணிக்கெல்லாம் வந்துடணும். கூலி கேக்காத."

"வரேண்ணா" என்றேன். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

நேராக வீட்டுக்குப் போனேன். மதியம் சாமுவேல் வந்தபோது நான் அடுப்படியில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. நான் சும்மா உட்கார்ந்து அவர் அதிகம் பார்த்ததில்லை.

"இன்னா எஸ்தரு?"

"வேல போச்சுய்யா." எல்லாவற்றையும் சொன்னேன், சாக்கடையில் கொட்டியது வரைக்கும். நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பெட்டி?"

"இருக்குது."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஃபேன் உறுமிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டார். பிறகு சுவரோரம் சாய்ந்திருந்த தலையணையை எடுத்துத் தரையில் போட்டு, மல்லாந்து படுத்தார். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டார்.

நான் பக்கத்தில் மண்டிபோட்டு, சிட்டத்தை வைத்துப் பார்க்கிற மாதிரி, என் காதை அவர் நெஞ்சருகே கொண்டுபோனேன். ஒரு சத்தமும் இல்லை. பயந்துபோய் மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்த்தேன்.

"உயிரோடதான்மா கீறன், கைய எடு" என்றார் கண்ணைத் திறக்காமல்.